மச்சானுக்கு ஒரு பங்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். நேரில் இல்லாவிட்டால் படத்திலாவது. 11 நிலை, 192 அடி. அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று உள்ளூர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

இப்போது கொஞ்சம் விபரீதமாகக் கற்பனை செய்து பாருங்கள். கலசம் முழுகும்வரை கடல் வந்து நிற்கிறது. நீங்கள் மேலே மிதக்கிறீர்கள். முதுகில் ஒரு காற்றுச் சிலிண்டர். கோபுர வாசல்வரை இறங்கிவிட்டுத் திரும்பி வரவேண்டும். எவ்வளவு காற்று வேண்டும்?

'சிலிண்டர் நிறைய இருந்தால் போதாதா?' என்று கேட்டீர்களானால் நீங்களும் என் அக்காவும் ஒரே கட்சி.

அக்கா இருப்பது ராஜபாளையத்தில். அவள் மகனுக்கு அங்கேயே ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் வேலை. சின்ன வயசில் பம்ப்செட் கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய பையன். மூன்று வருடத்துக்கு முன்பு ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு வந்தான். மலையடிவார ஊர்க்காரனுக்குக் கடல்மேல் என்ன காதலோ, வருடத்துக்கு இரண்டு தடவை லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். கூடவே அதே மில்லில் வேலை பார்க்கும் சிநேகிதன் ஒருவன். இப்போது இரண்டு பேரும் அடுத்த கட்டப் பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். பெயர் 'டீகம்ப்ரஷன் டைவிங்'. அக்கா எனக்கு போன் போட்டாள்.

"தம்பி, நீ சொன்னா கேப்பான். வேண்டாம்னு சொல்லிரு."

நான் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். விடைத்தாளைப் பார்க்காமலே சிவப்பு மையில் சுழிக்கிற பழக்கம் கிடையாது. "என்ன கணக்குப் போட்டு வச்சிருக்கியோ, அதை எடுத்துட்டு வாடா" என்றேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சுமார் 12 கிலோமீட்டர்தான். அன்று சாயங்காலமே பைக்கில் வந்து நின்றான், கையில் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்துடன்.

அந்த நோட்டில் இருந்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள், ஆறாம் வகுப்புக் கணக்குதான்.

முதலில் அழுத்தம். நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று மண்டலம் முழுவதும் நம்மை அழுத்திக்கொண்டிருக்கிறது. அது ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் 10 மீட்டர், அதாவது 33 அடி இறங்கினால் இன்னொரு பங்கு அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் மூன்று பங்கு. 30 மீட்டரில் நான்கு. நம் கோபுரத்தில் தோராயமாக இரண்டு நிலை இறங்கினால் ஒரு பங்கு கூடும்.

அழுத்தம் கூடக்கூட, உள்ளே இழுக்கிற காற்றும் அதே அளவு நெருக்கப்பட்டுத்தான் வரும். இல்லாவிட்டால் நெஞ்சு விரியாது. ஆக 30 மீட்டரில் ஒரு மூச்சு என்பது கரையில் நான்கு மூச்சுக்குச் சமம். நீங்கள் இழுப்பது ஒன்று, சிலிண்டர் கொடுப்பது நான்கு. கந்துவட்டிக் கணக்கு மாதிரி.

12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால் 2,400 லிட்டர். கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிக்கிற ஆள் என்றால் இரண்டு மணி நேரம் வரும். அதே ஆள் 10 மீட்டரில் ஒரு மணி நேரம். 30 மீட்டரில் அரை மணி. நம் கற்பனைக் கோபுரத்தின் வாசலில்? சுமார் 17 நிமிடம். அதுவும் வெறும் கணக்குக்குத்தான். சாதாரணக் காற்றை வைத்துக்கொண்டு அந்த ஆழத்துக்குப் போகவே கூடாது. நைட்ரஜன் போதை ஏறிவிடும், ஆக்சிஜனும் உடம்புக்கு ஆகாத அளவை எட்டிவிடும். முதல்நிலைப் பயிற்சி முடித்தவர்களுக்கு அனுமதி 18 மீட்டர்வரைதான். பொழுதுபோக்காக டைவ் அடிப்பவர்களுக்கு உச்சவரம்பு 40. அதாவது கோபுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம்.

"இவ்வளவுதானே? அரை மணி நேரக் காற்று இருக்கு, இருபத்தஞ்சு நிமிஷத்துல ஏறி வந்துட்டா முடிஞ்சுபோச்சு" என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

"முடியாது மாமா. கோலி சோடா குடிச்சிருக்கீங்கள்ல?" என்றான் பையன்.

நல்ல உதாரணம். கோலியைத் தட்டும்வரை சோடா வெறும் தண்ணீர் மாதிரி அமைதியாக இருக்கும். தட்டினால் 'உஸ்' என்று நுரைத்துக்கொண்டு வரும். அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் போனதும் குமிழாகிறது. ஆழத்தில் மூச்சு விடுகிறவரின் ரத்தத்திலும் சதையிலும் நைட்ரஜன் இப்படித்தான் கரைந்துகொண்டே போகும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து. படாரென்று மேலே வந்தால் உடம்பே சோடா பாட்டில். மூட்டில் குமிழ் வந்தால் உயிர் போகிற வலி. தண்டுவடத்தில் வந்தால் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போகலாம். மூளைக்குப் போனால் சொல்லவே வேண்டாம்.

இது கடலில் மட்டும் வருகிற நோய் இல்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, ஆற்றுக்கு அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் தொழிலாளிகள் வேலை செய்தார்கள். மேலே வந்ததும் சுருண்டு விழுந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-ல் இதே நோயில் படுத்தவர், எழுந்து வேலைத்தளத்துக்குப் போக முடியாமலே போயிற்று. அவர் மனைவி எமிலிதான் கணவர் சொல்லச் சொல்லக் கேட்டு மேற்பார்வை பார்த்தார். 1883-ல் பாலம் திறந்தது.

1878-ல் பால் பேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, குற்றவாளி நைட்ரஜன் குமிழ்தான் என்று காட்டினார். 1908-ல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஸ்காட் ஹால்டேனும் அவருடைய சகாக்களும் ஆடுகளை அழுத்த அறைக்குள் விட்டுச் சோதனை செய்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மேலே வரும்போது மொத்தமாக வராதே. கொஞ்சம் வா, நில். உள்ளே கரைந்தது மூச்சு வழியாக மெல்ல வெளியேறட்டும். மறுபடி கொஞ்சம் வா, நில். இதற்கு அட்டவணையும் போட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கு டைவர்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கம்ப்யூட்டர்களின் மூதாதை அந்த அட்டவணைதான்.

பரவலாகப் புழங்கும் ஓர் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம், 40 மீட்டரில் 9 நிமிடம். அதற்குள் கிளம்பிவிட்டால், அவசரமென்றால் நிதானமாக நேரே மேலே வந்துவிடலாம். தாண்டினால் வழியில் நின்றே ஆகவேண்டும். அதுதான் டீகம்ப்ரஷன் டைவ்.

பஸ் ஸ்டாப் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இங்கே டிரைவர் நிறுத்தாமல் போனால் பயணிக்குப் பக்கவாதம் வரலாம். மேலே சூரியன் தெரிகிறது, படகின் அடிப்பாகம் தெரிகிறது. ஆனால் போக முடியாது. தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை. நேரம் கழிந்தால்தான் அது திறக்கும். அதுவரை மூச்சுவிடக் காற்று வேண்டுமே, அதை யார் கொடுப்பார்?

1992 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடலில், மூழ்கிக் கிடந்த ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் கிறிஸ் ரௌஸ் என்ற அப்பாவும் அதே பெயர் கொண்ட மகனும் இறங்கினார்கள். சுமார் 230 அடி. நம் கோபுரத்தைவிட ஆழம். இருவரும் அனுபவசாலிகள். கப்பலுக்குள் மகன் சிக்கிக்கொண்டான். அப்பா போராடி மீட்டார். ஆனால் திரும்பி வருவதற்காக வெளியே வைத்திருந்த சிலிண்டர்கள் எல்லாவற்றையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. நிற்கவேண்டிய இடங்களில் நிற்காமல் மேலே வந்தார்கள். இரண்டு பேரையும் காப்பாற்ற முடியவில்லை. கடலுக்கு மேலே காற்றுக்கா பஞ்சம்? ஆனால் அங்கே வந்துசேர்வதற்கு முன்னால் தேவைப்பட்ட காற்று கைக்கு எட்டவில்லை.

இதைப் படித்ததும் எனக்கும் அக்கா கட்சியில் சேர்ந்துவிடலாமா என்று தோன்றியது. அப்புறம்தான் பையனின் நோட்டைப் புரட்டினேன்.

அவன் திட்டம் 30 மீட்டர். கோபுரத்தில் பாதி. கீழே 25 நிமிடம். மேலே வரும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் 10 நிமிடம் நிற்பதாக வைத்திருந்தான். நிஜத்தில் எவ்வளவு நேரம், எந்தெந்த ஆழம் என்பதை அட்டவணையும் கம்ப்யூட்டரும் சொல்லும். இது பயிற்சிக் கணக்கு. கீழே நிமிடத்துக்கு 20 லிட்டர், நான்கு மடங்கு, 25 நிமிடம்: 2,000 லிட்டர். மெதுவாக ஏறி வர நான்கு நிமிடம், சராசரி அழுத்தத்தில் 200 லிட்டர். நிற்கிற இடத்தில் 300. மொத்தம் 2,500.

ஒரு சிலிண்டரில் இருப்பதே 2,400! எல்லாம் சரியாக நடந்தாலே 100 லிட்டர் துண்டு விழுகிறது. "அதான் மாமா ரெட்டைச் சிலிண்டர்" என்றான். இரண்டு 12 லிட்டர், மொத்தம் 4,800.

"2,500 போக மிச்சம் 2,300 இருக்கே. இன்னும் அரை மணி நேரம் கீழயே இருக்கலாம் போலயே?" என்று வேண்டுமென்றே மடக்கினேன்.

"அது எனக்கு இல்ல மாமா" என்று பக்கத்தைத் திருப்பினான். அடுத்த பக்கத்தின் தலைப்பு: 'மச்சான் பங்கு'.

சிநேகிதனை இவர்கள் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள், தெரியும்தானே. கணக்கு இப்படிப் போகிறது. 25-வது நிமிடம். இரண்டு பேரும் கடைசி ஆழத்தில் இருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மச்சானின் காற்று முழுவதும் போய்விடுகிறது. இனிமேல் இரண்டு பேருக்கும் ஒரே ஆளின் காற்று. பயத்தில் யாரும் நிமிடத்துக்கு 20 லிட்டரோடு நிறுத்த மாட்டார்கள். ஆளுக்கு 30 என்று வை. இரண்டு பேருக்கு 60. என்ன ஏது என்று பார்த்துச் சமாளிக்கக் கீழேயே 2 நிமிடம்: 480 லிட்டர். ஏறி வர 600. நிற்கவேண்டிய 10 நிமிடம், இரண்டு பேருக்கும்: 900. மொத்தம் 1,980.

இதுதான் தொடக்கூடாத பணம். கீழே செலவழிக்கும் 2,000, இந்த 1,980, ஆக 3,980. சிலிண்டரில் இருப்பது 4,800. போகலாம். கேஜ் முள் 90-ஐத் தொட்டால், கீழே எவ்வளவு அழகான மீன் நின்றாலும், திரும்பிவிட வேண்டும். அதற்குக் கீழே இருப்பதில் அவனுக்குத் தனி உரிமை கிடையாது.

குகைக்குள் டைவ் அடிப்பவர்களுக்கு இதைவிடக் கறாரான சட்டம். ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஷெக் எக்ஸ்லி, குகைகளில் நடந்த சாவுகளை ஒவ்வொன்றாக அலசி 1979-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில் அவர் வலியுறுத்தியது: இருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போவதற்கு. இரண்டாவது பங்கு திரும்புவதற்கு. மூன்றாவது பங்கு, உனக்கோ உன் கூட்டாளிக்கோ ஆபத்து வந்தால் எடுப்பதற்கு. அவரும் ஓர் ஆசிரியர்தான், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

பழைய பைக்குகளில் பெட்ரோல் டேங்குக்குக் கீழே 'ரிசர்வ்' என்று ஒரு திருகு இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? வண்டி திக்கித் திணறினால் குனிந்து திருப்பிவிட்டு, 'பங்க் வர்ற வரைக்கும் தாங்கும்' என்று ஓட்டுவோம். நம் எல்லோருக்கும் ரிசர்வ் என்றால் இப்படித்தான் அர்த்தம்: நமக்கே நமக்கான கடைசிச் சொட்டு. தண்ணீருக்கு அடியில் பங்க் கிடையாது. அங்கே ரிசர்வ் என்பது பெரும்பாலும் அடுத்தவன் பெயரில் போட்ட டெபாசிட். நாம் சுமந்துகொண்டு போகிறோம், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து மலைக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். செண்பகத்தோப்புப் பக்கம் இருக்கும் பளியர்கள் பாறை முகட்டில் தேன் எடுப்பவர்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒருவர் தேன் எடுக்கும்போது, மேலே கயிற்றைப் பிடிப்பது மச்சான்தான் என்பார்கள். விட்டால் தாலி அறுவது தன் அக்காவுக்கோ தங்கைக்கோ அல்லவா, அதனால் விட மாட்டார் என்று விளக்கமும் சொல்வார்கள். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும் என்ற பழமொழி சும்மா வரவில்லை. முத்துக்குளித்தவர்களுக்கும் மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்க ஓர் ஆள் உண்டு. பையன் மறுபடியும் அந்த மச்சானைக் கண்டுபிடித்திருக்கிறான். இந்தத் தடவை கயிறு கையில் இல்லை, சிலிண்டருக்குள் இருக்கிறது.

அக்காவுக்கு போன் செய்து, கணக்குச் சரியாக இருக்கிறது, டாக்டர் சர்டிஃபிகேட்டும் வாங்கிவிட்டான், சொல்லிக்கொடுப்பவர் கூடவே இறங்குகிறார் என்றெல்லாம் விளக்கினேன். மச்சான் பங்கையும் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. அப்புறம் அவள் கேட்டது இது: "அந்தப் பையன் நோட்டுல நம்ம பையனுக்குப் பங்கு எழுதியிருக்கானா?"

முப்பது வருடத்தில் என் வகுப்பில் ஒரு மாணவன்கூட இவ்வளவு சரியான சந்தேகம் கேட்டதில்லை. விசாரித்துச் சொன்னேன். எழுதியிருக்கிறான். ஒவ்வொருவரும் மற்றவருக்காகச் சுமக்கவேண்டும் என்பதுதான் பயிற்சியின் முதல் பாடமாம். "சரி, போய்ட்டு வரட்டும்" என்றாள். இப்படித்தான் அனுமதி கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் நோட்டும் பேனாவுமாகக் கடற்கரைக்குக் கிளம்பிவிடாதீர்கள். இது கணக்கின் எலும்புக்கூடு மட்டும். உபகரணம், உடல்நிலை, நீரோட்டம் என்று கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. முறையான பயிற்சி இல்லாமல் டீகம்ப்ரஷன் பக்கமே போகக் கூடாது.

ஆனால் முறையான பயிற்சி எதுவும் இல்லாமல், வயிற்றுப் பிழைப்புக்காக இதே ஆழங்களுக்கு இறங்குகிறவர்கள் நம் கரையிலேயே இருக்கிறார்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரைகளில் சங்கு குளிப்பவர்கள். முன்பெல்லாம் தம் கட்டிக் குதித்தார்கள். ஒரு மூச்சுதான் திட்டம், நுரையீரல்தான் சிலிண்டர். ஒரு நிமிடமோ, மிஞ்சினால் ஒன்றரை நிமிடமோ. மேலே வந்தே ஆகவேண்டும். அதில் வேறு ஆபத்துகள் உண்டு. ஆனால் இந்த சோடாக் குமிழ்த் தொல்லை அநேகமாக இல்லை. மன்னார் வளைகுடாவின் நம் பக்கத்தில் கடைசியாக 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்ததும் இப்படித் தம் கட்டித்தான்.

அப்புறம் கம்ப்ரஸர் வந்தது. படகு எஞ்சினோடு ஏர் கம்ப்ரஸரை இணைத்து, நீளமான குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவது. இதில் காற்று தீரவே தீராது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அங்கேதான் ஆபத்தே. சிலிண்டர்காரரைக் காலி சிலிண்டர் மேலே விரட்டிவிடும். தம் கட்டியவரை நெஞ்சு விரட்டிவிடும். குழாய் கடித்தவரை விரட்ட யாருமில்லை. சங்கு இருக்கும்வரை, டீசல் இருக்கும்வரை கீழேயே இருக்கலாம். ரத்தத்தில் நைட்ரஜன் ஏறிக்கொண்டே இருக்கும். எஞ்சின் புகை கம்ப்ரஸருக்குள் போனால் அந்த விஷமும் சேர்ந்து இறங்கும். எஞ்சின் நின்றால்? கையில் ரிசர்வ் என்று ஒரு மூச்சுகூடக் கிடையாது. படாரென்று மேலே வரவேண்டியதுதான். இப்படிக் கால் விளங்காமல் போனவர்களும், கரை திரும்பாதவர்களும் உண்டு. இதைத் தடுப்பது எப்படி என்பது 1908-லேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. நூறு வருடம் தாண்டியும் நம் கரையில் பல படகுகளுக்கு அந்த அட்டவணை வந்துசேரவில்லை.

காற்று தீரவில்லை என்பதற்காகக் காற்றுக் கணக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது. எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், எங்கே நிற்கவேண்டும், குழாய் அறுந்தால் இடுப்பில் ஒரு சின்னச் சிலிண்டராவது உண்டா, மேலே உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு கடிகாரம் உண்டா? லீவு போட்டுவிட்டு மீன் பார்க்கப் போகிற ராஜபாளையத்துப் பையனுக்கு இந்தப் பாடம் காசு கொடுத்தால் கிடைக்கிறது. தினமும் இறங்குகிறவருக்கு இலவசமாகவே கிடைக்கவேண்டும்.

எங்கள் ஊர் ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பத்துப் பாடல்கள் சங்கைப் பார்த்தே பாடியிருக்கிறாள். கண்ணனின் உதட்டோடு ஒட்டியிருக்கும் பாக்கியம் பெற்ற சங்கை அவள் கேட்ட கேள்விகள் பிரசித்தம். நமக்கு அந்த அளவு ஞானம் இல்லை. கோயிலிலோ, ராமேஸ்வரத்துக் கடையிலோ சங்கைக் கையில் எடுத்தால் நாம் சின்னதாக ஒன்றே ஒன்று கேட்கலாம்.

உன்னை எடுத்து வந்தவர் கடைசியில் எத்தனை நிமிடம் நின்று வந்தார்?